நெருப்புப் பள்ளத்தாக்கில் ஒரு பி.காம்!

லாஸ் வேகாஸ் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்... அதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. அடுத்து வருகிற கேள்வியும் எல்லோரிடமும் ஒன்றேதான். "எவ்வளவு விட்டே?"

பத்து டாலர் விட்டேன் ஸார். மெஷினில் இல்லை. ஊருக்கு வடகிழக்கே 80 கிலோமீட்டர் தள்ளி 'வேலி ஆஃப் ஃபயர்', அதாவது நெருப்புப் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. அதன் வாசலில் கார் நுழைவுக் கட்டணம். நெவாடா நம்பர் பிளேட் என்றால் 10 டாலர். வெளி மாநில வண்டி என்றால் 15. நான் படித்தது பி.காம். எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது ரேட் போர்டுதான். மன்னிக்கவும்.

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அத்தான் ஒரு ஹோட்டலில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். வேகாஸில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் ஒரு ரூபாய் சூதாடியதில்லை. "ராத்திரி முழுக்க ஜனங்க அந்த மெஷினைத் தட்டிக்கிட்டு இருப்பாங்க மாப்ளே. யாருக்கு லாபம்னு வருஷக் கடைசியில எழுதறவனே நான்தான். அப்புறம் எப்படி ஆடறது?" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு அக்டோபர் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, "கிளம்பு, உனக்கு ஒரு நல்ல இடம் காட்டறேன்" என்றால் நம்பித்தானே ஆகவேண்டும்?

அக்கா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். அத்தான் டிக்கியில் தண்ணீர் கேன்களாக ஏற்றிக்கொண்டிருந்தார். நாலு கேன். இரண்டே ஆள்.

"எதுக்கு அத்தான் இவ்ளோ தண்ணி? கல்யாணத்துக்கா போறோம்?"

"சாயங்காலம் சொல்றேன்."

நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு பெரிய கடை வருகிறது. பெட்ரோல், சிகரெட், காபி, மலை மாதிரி குவித்து வைத்த பட்டாசு. பட்டாசைப் பார்த்ததும் எனக்கு சிவகாசி ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கடை மோப்பா பையூட் என்ற பழங்குடியினருடையது. அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தில் அவர்களே நடத்துவது. காபி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இந்தக் கடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கணக்கு போட வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் வெறும் சாம்பல் நிறப் பொட்டல். குட்டிக் குட்டிப் புதர்கள், அவ்வளவுதான். 'இதுக்கா ஐந்து மணிக்கு எழுப்பினார்?' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வளைவு திரும்பியது கார்.

சிவப்பு!

வர்ணிக்க எனக்கு வராது. செங்கல் சிவப்பு, மிளகாய்ப்பொடி சிவப்பு, வெற்றிலை போட்ட வாய்ச் சிவப்பு என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் ஒத்துவரவில்லை. யாரோ அடுப்பை மூட்டிவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி பாறைகள். 1920-களில் மோட்டார் சங்க அதிகாரி ஒருவர் சூரியன் சாய்கிற நேரத்தில் இந்த வழியாக வந்து, பள்ளத்தாக்கே தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாராம். பெயர் அப்படி வந்தது என்கிறார்கள். 1934-ல் பூங்காவாகத் திறந்தார்கள். நெவாடாவின் மாநிலப் பூங்காக்களில் இதுதான் மூத்தது. பூங்கா என்றதும் பெஞ்ச், பூச்செடி, சுண்டல் என்று கற்பனை செய்யாதீர்கள். 40,000 ஏக்கருக்கு மேல் கல்லும் மணலும்தான்.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? கல்லின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் முதல் பக்கத்தில் இருப்பது மணல் வரவு. டைனோசர்கள் திரிந்த காலத்தில், 15 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இங்கே காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் மேடுகள் இருந்தன. மேட்டின் மேல் மேடு. புதைந்து, இறுகி, கல்லாகிவிட்டது. மணலுக்குள் இருந்த இரும்பு துருப்பிடித்தது. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் வருகிறதே, அதே துருதான். அந்தத் துருவின் நிறத்தைப் பார்க்கத்தான் உலகம் முழுக்க இருந்து ஜனங்கள் வருகிறார்கள். நம் ஜன்னலை யாரும் பார்ப்பதில்லை. சில இடங்களில் நிலத்தடி நீர் உள்ளே புகுந்து இரும்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அங்கெல்லாம் பாறை வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று புடவைக் கடை மாதிரி இருக்கிறது. பாறைகளில் சாய்வாக வரி வரியாகத் தெரிவது பழைய மணல் மேட்டின் சரிவு. அந்தக் காலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை அதை வைத்தே சொல்லிவிடுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

இன்னொரு வேடிக்கை. சுற்றியுள்ள மலைகளில் சில இடங்களில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல் சிவப்புக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது சிவப்பைவிட வயதில் மூத்தது. நியாயமாக அடியில் இருக்க வேண்டியது. பூமியின் நெருக்குதலில் பிளந்து, நகர்ந்து வந்து, இளையவன் தலைமேல் ஏறிக்கொண்டுவிட்டது. எல்லா ஆபீஸிலும் பார்த்ததுதானே என்று நான் ஆச்சரியப்படவில்லை.

முதலில் 'அட்லாட்டில் பாறை'. ஒரு ஒற்றைப் பாறை, நாலு மாடி உயரத்தில், பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். அத்தான் கீழேயே நின்றுகொண்டார், முழங்கால் வலி. நான் மூச்சு வாங்க ஏறினேன். மேலே ஒரு கருப்புச் சுவர், அதில் கோடுகள். கொம்பு வளைந்த காட்டு ஆடுகள், கை விரித்த மனித உருவங்கள், வட்டங்கள், ஏணி மாதிரி ஒன்று. அப்புறம் அந்த அட்லாட்டில்.

அட்லாட்டில் என்பது மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் மொழிச் சொல். ஈட்டி எறிகிற கட்டை. முழங்கை நீளத்துக்கு ஒரு குச்சி, நுனியில் ஒரு கொக்கி. ஈட்டியின் பின்பக்கத்தை அந்தக் கொக்கியில் மாட்டி வீச வேண்டும். விஷயம் சிம்பிள். கை நீளமானால் வேகம் கூடும். உயரமான ஃபாஸ்ட் பௌலரைக் கேளுங்கள், சொல்வார். வில்லும் அம்பும் இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் வேட்டைக்காரர்களுக்குச் சோறு போட்டது இதுதான். எனவே இதைச் செதுக்கியவர் வில்லையே பார்க்காத ஆளாக இருக்கலாம். கூடை முடைவதில் கெட்டிக்காரர்கள் என்பதால் 'பாஸ்கெட் மேக்கர்' என்று அவர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின், பக்கத்து மோப்பா பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த ப்யூப்லோ மக்கள். மொத்தத்தில் கி.மு. 300-லிருந்து கி.பி. 1150 வரை இங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது என்கிறார்கள்.

இது பெயிண்ட் இல்லை ஸார், சுரண்டல். பாலைவனப் பாறை மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு கருப்புத் தோல் படியும். தூசியில் வரும் மாங்கனீசும் இரும்பும் சேர்ந்து பூசிய வார்னிஷ். காகிதத்தைவிட மெலிசு. அதைக் கெட்டியான இன்னொரு கல்லால் கொத்திக் கொத்தி எடுத்தால் உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும். அதுதான் கோடு. ஒரு ஆட்டுக்கு எத்தனை கொத்து என்று எண்ண ஆரம்பித்தேன். அறுபது வரை எண்ணியதும் பின்னால் ஒரு குடும்பம் படியேறி வந்துவிட்டது.

இறங்கி வந்ததும் அத்தான் கேட்டார். "அந்த ஏணி என்னன்னு புரிஞ்சுதா?"

"என்ன அத்தான்?"

"பிரமோஷன் லிஸ்ட். மேல் படியில எவனும் இல்லை பாரு, அவன் ரிடையர் ஆயிட்டான்."

சிரித்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவருடைய வியாக்யானத்துக்கும் சில கைடுகள் அவிழ்த்துவிடுகிற 'இது மழை வேண்டி, இது புலம்பெயர்ந்த கதை' வகையறாவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆடு ஆடுதான். அதற்கு மேல் அடித்துச் சொல்லச் செதுக்கியவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். வழியில் ஒரு பாறையில் இதயம் வரைந்து, அம்பு விட்டு, இரண்டு பெயர், ஒரு வருஷம். சாவியால் கீறியிருக்கிறார்கள். கருப்புத் தோல் திரும்ப வளர இன்னும் பல ஆயிரம் வருஷம் ஆகும். அதுவரை அந்தக் காதல் அங்கே இருக்கும். இந்த வியாதி நம்மூருக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி அது குற்றம், கையால் தொடவே கூடாது, எண்ணெய்ப் பிசுக்குப் படும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பாட்டி ஒருத்தி அதைப் பார்த்து, காதில் விழாத குரலில் என்னவோ திட்டினாள். மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லாத திட்டு.

அடுத்தது 'மவுஸ் டாங்க்'. டாங்க் என்றால் நம் மாடித் தொட்டி இல்லை. பாறையில் இயற்கையாக விழுந்த குழி. மழை பெய்தால் நிரம்பும், சில சமயம் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். இங்கே வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிடும் அளவு. அதனால் அந்தக் குழிக்கு மரியாதை.

போகிற வழி முழுக்கச் சிவப்பு மணல். கால் புதைகிறது. போக வர ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஆனால் மெரினாவில் கண்ணகி சிலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் நாலு தடவை நடந்த அலுப்பு. இரண்டு பக்கமும் பாறைச் சுவர்களில் செதுக்கல்கள். அட்லாட்டில் பாறையைவிட இங்கேதான் எனக்குப் பிடித்தது. கம்பியில்லை, படியில்லை, கூட்டமில்லை. திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு ஆடு நம்மைப் பார்க்கிறது.

மவுஸ் யார்? தெற்கு பையூட் இனத்து ஆள். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது, 'எலி'. 1890-களில் தங்கம், வெள்ளி தேடி வந்த இரண்டு பேரைக் கொன்றான் என்று குற்றச்சாட்டு. தேடினார்கள். அவன் வந்து பதுங்கியது இங்கே. காரணம் அந்தத் தண்ணீர்க் குழி. யாருக்கும் தெரியாத தண்ணீர் ஒன்று தெரிந்திருந்தால், பாலைவனத்தில் ஒருவனைப் பிடிப்பது கஷ்டம். கடைசியில் 1897-ல் துரத்திப் போனவர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கோர்ட், சாட்சி, குறுக்கு விசாரணை எதுவும் கிடையாது. கொன்றானா இல்லையா என்று தீர்ப்பு எழுத இப்போது யாரும் இல்லை. குழிக்கு மட்டும் அவன் பெயர் நிலைத்துவிட்டது.

நாங்கள் போனபோது அடியில் கொஞ்சம் பச்சையாகத் தண்ணீர் இருந்தது. இரண்டு தேனீக்கள் குடித்துக்கொண்டிருந்தன.

இப்போது அந்தக் கணக்கு. காலையில் காபி வாங்கினோமே, அந்த மோப்பா பையூட் மக்கள் மவுஸின் உறவுக்காரர்கள்தான். 1874-ல் அமெரிக்க அரசு இவர்களுக்கு ஒதுக்கிய நிலம் சுமார் 20 லட்சம் ஏக்கர். நல்ல மனசு என்று பாராட்டுவதற்குள், அடுத்த வருஷமே அதை 1,000 ஏக்கராகக் குறைத்துவிட்டார்கள். எழுத்துப் பிழை இல்லை, ஆயிரம்தான். நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. 1980-ல் சுமார் 70,000 ஏக்கர் திருப்பிக் கொடுத்தார்கள். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன், அசலில் மூன்றரை சதவீதம். வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே நிலக்கரி மின்நிலையம் ஒன்று புகையும் சாம்பலுமாக அரை நூற்றாண்டு ஓடி, இவர்கள் போராடி, 2017-ல் மூடப்பட்டது. அதே வருஷம் இவர்கள் நிலத்தில் 250 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கரண்ட் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறது. பாறைச் செதுக்கல் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் 'மறைந்துபோன பண்டை மக்கள்' என்று உருகுகிறார்கள். இந்த மண்ணின் ஆட்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் காபிக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள்.

சரி, சினிமா. இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அர்னால்டின் 'டோட்டல் ரீகால்' படத்தில் செவ்வாய் கிரகத்துக் காட்சிகளுக்கு இங்கேயும் வந்தார்கள். 1994-ல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் கேப்டன் கிர்க் உயிரை விட்டது இந்தப் பாறைகளில்தான். வெள்ளைப் பாறைகள் இருக்கும் 'ஒயிட் டோம்ஸ்' பகுதியில், 1966-ன் 'தி புரொஃபஷனல்ஸ்' படத்துக்குப் போட்ட செட்டின் சுவர் ஒன்று இன்னும் நிற்கிறது. செட்டைப் பிரிக்காமல் போன தயாரிப்பாளரை நம்மூரில் வாடகை கேட்டே கொன்றிருப்பார்கள். இங்கே அதற்கும் போர்டு வைத்துவிட்டார்கள்.

எலுமிச்சை சாதத்தை 1930-களில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசாங்கம் கட்டிய கல் அறைகளுக்குப் பக்கத்தில் சாப்பிட்டோம். பொருளாதார மந்தத்தில் படித்தவன், படிக்காதவன் எல்லோரும் வேலையின்றித் திரிந்த சமயம், அவர்களுக்குக் கூலி கொடுத்துப் பாதை போடவும், பயணிகள் தங்க அறை கட்டவும் வைத்தார்கள். சிவப்புக் கல்லிலேயே கட்டிய மூன்று அறை. இப்போதும் விரிசல் இல்லை. நான் படித்து முடித்துவிட்டுச் சும்மா இருந்த இரண்டு வருஷத்தில் யாராவது இப்படிக் கூப்பிட்டிருந்தால் நானும் கல் சுமந்திருப்பேன்.

மதியம் வெயில் ஏறியது. அக்டோபர் என்பதால் தாங்கியது. கோடையில் 49 டிகிரி செல்சியஸ் வரை போகுமாம். அந்த மாதங்களில் சில நடைபாதைகளை மூடியே விடுகிறார்கள். ஜாலியாக நடக்கப் போன டூரிஸ்டுகள் திரும்பாமல் போவது அங்கே அபூர்வம் இல்லை.

கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் அத்தான் காரை ஓரம் கட்டினார். ஒரு சிலுவை. ஜான் கிளார்க் என்ற சார்ஜென்ட்டின் நினைவாக. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டுப் பிழைத்து வந்த மனிதர். 1915 ஜூன் மாதம், குதிரை வண்டியில் இந்த வழியாகப் போயிருக்கிறார். தண்ணீர் தீர்ந்துவிட்டது. குதிரையை வண்டியின் பின்னால் கட்டிவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தவர், தாகத்தில் செத்துப் போனார்.

நான் போர்டை இரண்டு தடவை படித்தேன். மவுஸ் டாங்க் இங்கிருந்து காரில் கொஞ்ச நேரம்தான்.

அத்தான் டிக்கியைத் திறந்து மூன்றாவது கேனை எடுத்தார். "நாலு கேன் எதுக்குன்னு கேட்டியே..."

நான் பேசாமல் வாங்கிக் குடித்தேன்.

அங்கிருந்து ஓவர்ட்டன் என்ற சிற்றூர். அங்கே 1935-ல் திறந்த 'லாஸ்ட் சிட்டி மியூசியம்'. தொலைந்த நகரம். 1924-லிருந்து ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டித் தோண்டி, ப்யூப்லோ மக்களின் வீடுகளை வரிசை வரிசையாக எடுத்தார். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, பருத்தி விளைவித்தவர்கள். உப்பு வெட்டி விற்றவர்கள். பாறையில் ஆடு செதுக்கிய கைகள் சோறாக்கிய பானைகள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஆனால் தோண்டிக்கொண்டிருக்கும்போதே ஹூவர் அணை கட்டி முடிந்துவிட்டது. கொலராடோ நதி தேங்கி மீட் ஏரி ஏறி வந்தது. கடைசியில் ஆள் விட்டு அவசர அவசரமாகப் பொருள்களை அள்ளினார்கள். வீடுகளில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் போய்விட்டது.

செயின்ட் தாமஸ் என்ற ஊரும் கூடவே முழுகியது. அது பழங்குடிகளின் ஊர் இல்லை. 1865-ல் மார்மன் மதத்தினர் வந்து அமைத்தது. 1938-ல் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தபின், கடைசி ஆள் படகில் ஏறிப் போனார்.

"வா, அதையும் பார்த்துடலாம்" என்றார் அத்தான்.

முழுகின ஊரை எப்படி அத்தான் பார்க்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கார் மண் சாலையில் குலுங்கிக்கொண்டு போய் நின்றது. இறங்கி நடந்தோம். புதர்களுக்கு நடுவே வீட்டு அஸ்திவாரங்கள், பள்ளிக்கூடத்தின் படிகள், வரிசையாக மொட்டை மரக் கட்டைகள். ஒரு காலத்தில் தெருவுக்கு நிழல் கொடுத்தவை. ஊரிலேயே உயரமாக மிச்சம் நிற்கிற சுவர் எது தெரியுமா? ஐஸ்கிரீம் கடை! 2000-க்குப் பிறகு வந்த வறட்சியில் ஏரி சுருங்கிச் சுருங்கி ஊரை வெளியே விட்டுவிட்டது. 2022 ஜூலையில் மீட் ஏரியின் மட்டம், 1930-களில் அதை நிரப்பிய காலத்துக்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கியது. சுமார் இரண்டரைக் கோடி பேர் இதை நம்பித் தண்ணீர் குடிக்கிறார்கள். வேகாஸ் குடிப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இந்த நதியினுடையது. அக்கா வீட்டுக் குழாயும் அதில் சேர்த்தி.

காலடியில் நறநறவென்று சத்தம். குனிந்து பார்த்தேன். கிளிஞ்சல்கள். பாலைவனத்தின் நடுவே, ஐஸ்கிரீம் கடை வாசலில்.

சுற்றிலும் பார்த்தேன். எந்தப் பக்கமும் தண்ணீர் கண்ணில் படவில்லை.

"ஏரி எங்கே அத்தான்?"

அத்தான் கையை நெற்றியில் வைத்துத் தெற்கே கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் புதருக்கு அந்தாண்டை எங்கேயோ இருக்கணும்" என்றார்.